பூவெடுத்து வந்த பிள்ளை தூங்கட்டும்

பள்ளிக்கூடத்தில் கடன் போய்த் திரும்பி வராத பொருள் ஒன்று உண்டென்றால் அது பி.டி. பீரியட். ஜூன் மாதம் கால அட்டவணை போடும்போது வாரத்துக்கு இரண்டு என்று கட்டம் கட்டி எழுதுவார்கள். காலாண்டுத் தேர்வுக்கு முன்பே ஒன்று கணக்குக்குப் போய்விடும். அரையாண்டு விடுமுறை முடிந்து ஜனவரியில் கதவு திறந்தால், பத்தாம் வகுப்புக்கு விளையாட்டு என்று ஒன்று இருந்ததே யாருக்கும் நினைவிருக்காது. 2024 குழந்தைகள் தின விழாவில், அப்போது துணை முதல்வராக இருந்த உதயநிதி ஸ்டாலின், விளையாட்டுப் பீரியடைக் கணக்கு, அறிவியல் ஆசிரியர்கள் கடன் வாங்க வேண்டாம், முடிந்தால் உங்கள் பீரியடை விளையாட்டுக்குக் கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. தேர்ச்சி விழுக்காட்டுக்குப் பதில் சொல்ல வேண்டிய தலைமையாசிரியரின் காதில் அது எவ்வளவு தூரம் ஏறியிருக்கும் என்பது வேறு விஷயம்.

நான் தமிழாசிரியை. என் பீரியடையும் கேட்டு வருவார்கள். “தமிழ்தானேம்மா, பிள்ளைக பாஸாகிடுவாங்க” என்பார்கள். அந்தச் சண்டையை இங்கே இழுக்கப் போவதில்லை.

திண்டுக்கல் மாவட்டத்தில் நிலக்கோட்டையைச் சுற்றிய அரசுப் பள்ளிகளில் என் பணிக்காலத்தின் பெரும்பகுதி போனது. ஓய்வுபெற்று, காலையில் பஸ்ஸைப் பிடிக்க ஓடாமல் காப்பியை உட்கார்ந்து குடிக்கக் கிடைத்தபிறகு, எனக்குத் திரும்பத் திரும்பத் தோன்றுவது ஒன்றுதான். கல்வியைப் பற்றிய நம் பேச்செல்லாம் பிள்ளைக்கு இன்னும் என்ன கொடுக்கலாம் என்பதிலேயே இருக்கிறது. அவர்களிடமிருந்து நாம் எடுத்துக்கொண்ட ஓய்வைப் பற்றிப் பேச்சே இல்லை. எடுக்கும்போதும், கேள்வி கேட்க ஆளில்லாத வீட்டுப் பிள்ளையிடம்தான் முதலில் எடுக்கிறோம்.

நிலக்கோட்டை பூ மார்க்கெட்டைத் தெரியாதவர்கள் இருக்க மாட்டார்கள். சுற்றுப்பட்டு ஊர்களில் மல்லிகைத் தோட்டம் உள்ளவர்களும், அதில் கூலிக்குப் போகிறவர்களும்தான் எங்கள் பள்ளிப் பெற்றோர். மல்லிகை சாயங்காலம் விரிகிற பூ. மொட்டாக இருக்கும்போதே, வெயில் ஏறுவதற்குள் எடுத்து மார்க்கெட்டில் சேர்த்துவிட வேண்டும். விரிந்துவிட்டால் விலை போகாது. அதனால் கருக்கலிலேயே, நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு தோட்டத்தில் இறங்குவார்கள். இடுப்பில் துணியை மடியாகக் கட்டி, இரண்டு கையாலும் மொட்டுகளைக் கிள்ளிப் போடுவார்கள். எடைக்குத்தான் கூலி. மல்லிகை மொட்டு ஒரு கிலோ சேர எவ்வளவு நேரம் குனிந்து நிற்க வேண்டும் என்பதை எடுத்துப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். இன்னொரு ஜோடிக் கை இருந்தால் வீட்டுக்கு இன்னும் கொஞ்சம் காசு. அந்தக் கை பெரும்பாலும் எட்டாவதோ ஒன்பதாவதோ படிக்கிற பிள்ளையுடையது.

அந்தப் பிள்ளைகள் வீட்டுக்குப் போய், குளித்தும் குளிக்காமலும் சீருடையை மாட்டிக்கொண்டு, முதல் பீரியடுக்கு வந்து உட்காருவார்கள். வருகைப் பதிவேட்டைத் திறக்கும்போதே வகுப்பு மணக்கும். பதினைந்து நிமிடத்தில் பின் வரிசையில் இரண்டு தலை சாயும். ஒருநாள் ஒரு பெண்ணிடம் போய்த் தோளைத் தொட்டேன். நிமிர்ந்தவள் கன்னத்தில் நோட்டுக் கம்பியின் சுருள் அச்சு வரிசையாகப் பதிந்திருந்தது. விரல் நகங்களில் பச்சைக் கறை.

“என்னம்மா, ராத்திரி தூங்கலையா?”

“பூவெடுக்கப் போனேன் தமிழம்மா. முகூர்த்த நாளு.”

அவ்வளவுதான் பதில். நியாயம் கேட்கவும் இல்லை, மன்னிப்புக் கேட்கவும் இல்லை. முகூர்த்த நாள் என்றால் விலை ஏறும், விலை ஏறினால் பூவெடுக்கப் போக வேண்டும், போனால் தூக்கம் வரும். அவளுக்கு இதில் விளக்க என்ன இருக்கிறது?

மல்லிகைச் சாகுபடியில் ஒரு சங்கதி உண்டு. நவம்பர் கடைசி வாக்கில் செடிக்குத் தண்ணீரை நிறுத்திக் காயவிட்டு, பிறகு கவாத்து செய்வார்கள். அப்படி விட்டால்தான் புதுத்துளிர் வந்து மார்ச் முதல் பூ கொட்டும் என்பது எந்தத் தோட்டக்காரருக்கும் தெரியும். செடிக்கு ஓய்வு கணக்குப் பார்த்துக் கொடுக்கப்படுகிறது. பூ கொட்டுகிற அதே மார்ச், ஏப்ரலில்தான் பொதுத்தேர்வு. அதாவது ராத்திரி படிக்க வேண்டிய காலமும் விடிவதற்குள் பூவெடுக்க வேண்டிய காலமும் ஒன்றாக வந்து சேர்கின்றன. எங்கள் பக்கத்துப் பிள்ளையின் மதிப்பெண் பட்டியலைப் படிக்கிற அதிகாரிகள் மல்லிகை சீசனையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்று நான் சொல்வது வேடிக்கைக்காக அல்ல.

அந்த மாதங்களில்தான் பள்ளியும் தன் பங்குக்குச் சிறப்பு வகுப்பு வைக்கும். காலையில் எட்டு, எட்டரைக்கே வரச் சொல்லும். சாயங்காலம் இருட்டும்வரை உட்கார வைக்கும். 2025இல் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி மாநில அளவில் 93.80 விழுக்காடு, பிளஸ் டூவில் 95.03. இந்த எண்களுக்காகத்தான் இத்தனையும். மிச்சமுள்ள சில விழுக்காட்டைப் பிடிக்க மொத்த வகுப்பின் தூக்கத்தையும் பிடுங்குகிறோம். அந்தச் சில விழுக்காட்டில் இருப்பதோ, பெரும்பாலும் ஏற்கெனவே தூக்கம் கெட்ட பிள்ளைகள்.

தூங்கி எழுந்தால் படித்தது நிற்கும் என்பது பாட்டி சொல் மட்டும் அல்ல. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜென்கின்ஸ், டாலன்பாக் என்ற இரண்டு பேர் 1924இல் ஒரு சோதனை செய்தார்கள். அர்த்தமில்லாத அசைகளை மனப்பாடம் செய்யச் சொல்லி, சிலமுறை தூங்கவிட்டும் சிலமுறை விழித்திருக்கச் சொல்லியும் திருப்பிக் கேட்டார்கள். தூங்கி எழுந்து சொன்னபோது நினைவில் நின்றது அதிகம். அதன்பிறகு நூறாண்டாக எத்தனையோ ஆய்வுகள் இதே திசையில் வந்துவிட்டன. உடம்பை வளர்க்கிற வளர்ச்சி ஹார்மோன் பெருமளவு சுரப்பது ஆழ்ந்த தூக்கத்தில்தான். 13 முதல் 18 வயதுவரை உள்ளவர்களுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறார்கள் தூக்க மருத்துவர்கள். பதின்வயதில் உடம்பின் கடிகாரமே கொஞ்சம் தள்ளிப்போகிறது. இரவில் தூக்கம் தாமதமாக வரும், காலையில் விழிப்பும் தாமதமாக வரும். நாம் அதைச் சோம்பேறித்தனம் என்று பெயர் வைத்துத் திட்டுகிறோம். கலிஃபோர்னியா மாநிலம் இதை ஏற்று, உயர்நிலைப் பள்ளிகள் காலை 8.30க்கு முன் தொடங்கக் கூடாது என்று 2019இல் சட்டமே போட்டது, 2022 ஜூலை முதல் நடைமுறைக்கும் வந்துவிட்டது. நம்மிடம் அந்த மாதிரிச் சட்டம் வந்தால் முதலில் எதிர்ப்பது பெற்றோராகத்தான் இருக்கும். “சீக்கிரம் அனுப்பிட்டா நாங்க வேலைக்குப் போவோம்ல” என்பார்கள். அதிலும் நியாயம் இருக்கிறது.

எனக்கு ஆய்வைவிட ஜூன் மாதம் அதிகம் சொல்லிக்கொடுத்திருக்கிறது. ஒன்பதாம் வகுப்பில் யாப்பிலக்கணம் நடத்துவேன். அசை பிரித்து, தேமா, புளிமா என்று வாய்பாடு சொல்ல வேண்டும். பிப்ரவரியில் நடத்தினால் பாதிப் பேருக்கு நேர் எது, நிரை எது என்று பிடிபடாது. திரும்ப நடத்தினாலும் அப்படியே. ஏப்ரலில் நானும் அலுத்து அவர்களும் அலுத்துப் பிரிவோம். ஜூனில் அதே பிள்ளைகள் பத்தாம் வகுப்பில் வந்து உட்காருவார்கள். கால்சட்டை கணுக்காலுக்கு மேல் ஏறியிருக்கும், குரல் உடைந்திருக்கும், சிலருக்கு எழுத்தே மாறியிருக்கும். கரும்பலகையில் ஒரு குறளை எழுதி அலகிடச் சொல்வேன். போன ஆண்டு தலையைக் குனிந்துகொண்டவர்களில் சிலர் இப்போது கையைத் தட்டித் தட்டி அசை பிரித்துவிடுவார்கள். இடையில் யாரும் டியூஷன் போகவில்லை. புத்தகத்தைத் தொட்டிருக்கக்கூட மாட்டார்கள். சினிமாப் பாட்டுக்கு மேசையில் தாளம் போட்டதுதான் அவர்கள் செய்திருக்கக்கூடிய அதிகபட்சப் பயிற்சி. நான் நடத்தியது ஊற அந்த இடைவெளி தேவைப்பட்டிருக்கிறது.

எல்லாப் பிள்ளைக்கும் இப்படி நடக்கும் என்று நான் எழுதிவிட்டால் அது பொய். விடுமுறையில் படித்ததை மறந்து வருகிற பிள்ளைகளும் ஏராளம். எழுத்துக் கூட்டிப் படிக்கவே திணறுகிறவர்கள் மே மாதத்துக்குப் பிறகு இன்னும் திணறுவார்கள். வீட்டில் புத்தகம் இல்லாத, படித்துக் காட்ட ஆளில்லாத பிள்ளைக்கு நீண்ட விடுமுறை நஷ்டம்தான். ஊரடங்குக் காலத்தின் இழப்பைச் சரிக்கட்ட 2021இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில், தெருவுக்குள்ளேயே சாயங்காலம் தன்னார்வலர்கள் பாட்டும் கதையுமாக நடத்தியதை நான் பார்த்திருக்கிறேன். அங்கே வந்த பிள்ளைகள் களைத்துப்போய் வரவில்லை. ஆக, நான் கேட்கிற ஓய்வு பிள்ளையைச் சும்மா தெருவில் விட்டுவிடுவது அல்ல. வயிற்றுக்குச் சாப்பாடும், கைக்கெட்டும் தூரத்தில் நாலு கதைப் புத்தகமும், ஓட ஒரு மைதானமும் உள்ள ஓய்வு. வசதியான வீட்டுப் பிள்ளைக்கு இது கேட்காமலே கிடைக்கிறது. கோடைக்குக் கொடைக்கானல் போகிறான். எங்கள் பிள்ளை அந்த மலையை வத்தலக்குண்டு ரோட்டிலிருந்து பார்க்கிறான்.

விடுமுறை என்ற பேச்சு வந்தால் எனக்குக் கோபம் வருகிற இடம் ஒன்று உண்டு. ஐ.நா.வின் குழந்தை உரிமைகள் உடன்படிக்கை 1989இல் வந்தது. அதன் 31வது பிரிவு, ஓய்வும் விளையாட்டும் குழந்தையின் உரிமை என்கிறது. இந்தியா 1992இல் அதை ஏற்றது. அதே இந்தியா 2016இல் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தியது. 14 வயதுக்கு உட்பட்டவர்களை வேலைக்கு வைக்கக் கூடாது என்று பொதுவாகத் தடை போட்டுவிட்டு, பள்ளி நேரம் முடிந்த பிறகும் விடுமுறை நாட்களிலும் குடும்பத் தொழிலில், ஆபத்தில்லாத வேலையாக இருந்தால், உதவலாம் என்று விலக்கும் கொடுத்தது. பள்ளி முடிந்த நேரம், விடுமுறை நாள். ஒரு பிள்ளைக்கு ஓய்வு என்று இருப்பதே இந்த இரண்டும்தான். சட்டம் மிகச் சரியாக அந்த இரண்டையும் பார்த்து எடுத்துக் கொடுத்திருக்கிறது. விடிவதற்குள் பூவெடுப்பது “பள்ளி நேரத்துக்கு” வெளியேதான் நடக்கிறது, மறுக்க முடியுமா? பெற்றோரை நான் குறை சொல்ல மாட்டேன். கிலோவுக்கு இத்தனை என்று கூலி வாங்குகிறவர்களிடம் போய்ப் பிள்ளையின் தூக்கத்தைப் பற்றி வகுப்பெடுப்பது எனக்குக் கூச்சமாக இருக்கும்.

பெண் பிள்ளைகளுக்கு இன்னும் மோசம். சனி, ஞாயிறு லீவு என்றால் பையன்கள் கண்மாயில் கிடப்பார்கள், பெண்கள் துணி துவைத்துக்கொண்டிருப்பார்கள். தங்கச்சியைத் தூக்கிக்கொண்டு குடத்தோடு நிற்கும் என் மாணவியை எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை பார்த்திருக்கிறேன். அவர்களில் சிலருக்குத் திங்கட்கிழமைதான் ஓய்வு நாள், ஏனென்றால் பள்ளியில் உட்கார்ந்திருக்கலாம். 2019இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டு ஆய்வில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் ஒரு நாளைக்கு அதற்குச் செலவிடுவது சராசரியாக 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம். ஆறு வயதுப் பிள்ளையிலிருந்து கணக்கில் சேர்த்து எடுத்தது அது. எங்களைப் போன்ற ஆசிரியைகளும் அந்த 299க்குள்தான் இருந்தோம். மாலையில் விடைத்தாள் கட்டோடு வீட்டுக்குள் நுழைந்தால் அடுப்படி காத்திருக்கும்.

“வாத்தியார் வேலைன்னா வருசம் பூரா லீவு” என்று எந்தக் கல்யாண வீட்டிலும் ஒருவர் சொல்வார். கோடை விடுமுறையைக் காட்டித்தான் ஆசிரியர்களுக்கு ஈட்டிய விடுப்பு மற்ற அரசு ஊழியர்களைவிடக் குறைவாகக் கொடுக்கப்படுகிறது என்பது அவருக்குத் தெரிந்திருக்காது. அந்த விடுமுறையில் விடைத்தாள் திருத்தும் முகாம், தேர்தல் என்றால் பயிற்சி வகுப்பும் வாக்குச்சாவடிப் பணியும், கணக்கெடுப்பு என்றால் வீடு வீடாக நடை. கல்வி உரிமைச் சட்டத்தின் 27வது பிரிவு ஆசிரியரைக் கல்வி சாராத வேலைக்கு அனுப்பக் கூடாது என்று தொடங்கும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் தவிர என்று முடியும். 2025 நவம்பரில் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது, வாக்குச்சாவடி நிலை அலுவலர்களாகப் படிவத்தோடு தெருவில் அலைந்தவர்களில் ஆசிரியர்களும் அங்கன்வாடிப் பணியாளர்களும் நிறைய. போதாததற்குப் பள்ளி விவரங்களை ஏற்றச் செல்போனில் எமிஸ் செயலி. வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போது “டேட்டா ஏத்திட்டீங்களா” என்று குழுவில் செய்தி வரும். களைத்த ஆசிரியரிடம் முதலில் போவது பொறுமை. பாட அறிவெல்லாம் அப்படியே இருக்கும். அந்தப் பொறுமை போன ஆசிரியரிடம்தான் பூவெடுத்து வந்த பிள்ளை தலை சாய்க்கிறது.

ஓய்வைக் கால அட்டவணைக்குள்ளேயே வைத்த பள்ளிகள் இந்த நாட்டில் இல்லாமல் இல்லை. தாகூர் 1901இல் சாந்திநிகேதனில் மரத்தடியில் வகுப்பு நடத்தினார். ஜே. கிருஷ்ணமூர்த்தியின் ரிஷிவேலிப் பள்ளி நமக்குப் பக்கத்தில் மதனப்பள்ளி அருகேதான் இருக்கிறது. அங்கே மாலையில் பிள்ளைகள் கூடி உட்கார்ந்து, பேசாமல், சூரியன் இறங்குவதைப் பார்ப்பது ஒரு வழக்கம். அஸ்தாசல் என்று அதற்குப் பெயர். இதையெல்லாம் சொன்னால் “அது பணக்காரப் பிள்ளைகளுக்கு” என்று ஆசிரியர்களே சொல்வார்கள். சூரியன் நிலக்கோட்டையிலும்தானே இறங்குகிறது! ஆனால் அந்த நேரத்தில் எங்கள் பத்தாம் வகுப்பு, டியூப் லைட் வெளிச்சத்தில் ஒரு மதிப்பெண் வினா ஒப்பித்துக்கொண்டிருக்கும்.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தால் தொடக்கப் பள்ளிப் பிள்ளை முதல் பீரியடில் சோர்ந்து விழுவது குறைந்திருக்கிறது. ஐந்தாம் வகுப்போடு அது நின்றுவிடுவதுதான் குறை, ஏனென்றால் வேலைக்குப் போகிற வயது அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வை 2025-26 முதல் எடுத்துவிட்டதும் நல்ல காரியம். 2017-18இல் அது வந்ததற்குக் காரணம் இருந்தது. பல தனியார் பள்ளிகள் பிளஸ் ஒன் பாடத்தைத் தொடாமலே இரண்டு வருடமும் பிளஸ் டூ பாடத்தை உருப்போட வைத்தன. அதைத் தடுக்கத்தான் தேர்வு வைத்தார்கள். விளைவு, பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று மூன்று வருடம் பிள்ளைகள் தொடர்ந்து பொதுத்தேர்வுக்கே வாழ்ந்தார்கள். இப்போது நடுவில் ஒரு வருடம் மூச்சுவிடக் கிடைத்திருக்கிறது. பழையபடி அந்த ஒரு வருடத்தையும் பிளஸ் டூ பாடம் விழுங்கிவிடுமோ என்பதுதான் என் பயம்.

எங்கள் பள்ளியில் சில காலம் ஒரு சின்ன ஏற்பாடு நடந்தது. முதல் பீரியடில் தூக்கம் தாங்க முடியாதவர்கள் நூலக அறையில் பாய் விரித்து அந்த ஒரு பீரியட் படுத்துக்கொள்ளலாம். தலைமையாசிரியர் முதலில் கையை உதறினார். “மேலிருந்து யாராவது பார்வைக்கு வந்தா என்ன சொல்றதும்மா?” என்றார். உடம்பு சரியில்லாத பிள்ளை என்று சொல்லுங்கள் சார், அது பொய்யும் இல்லை என்றேன். எல்லாரும் தூங்கக் கிளம்பிவிடுவார்கள் என்று சக ஆசிரியர்கள் பயந்தார்கள். அப்படி நடக்கவில்லை. போனவர்கள் பூவெடுக்கப் போன பிள்ளைகள்தான். இரண்டாம் பீரியடுக்கு முகம் கழுவிக்கொண்டு வந்துவிடுவார்கள். விடுபட்ட பாடத்தை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பக்கத்து மாணவியிடம் கேட்டு எழுதிக்கொள்வார்கள். புதுத் தலைமையாசிரியர் வந்ததும் அந்த அறை ஸ்மார்ட் வகுப்பறையாகிவிட்டது.

இதற்கெல்லாம் புதிதாக அரசாணை வரட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 8ஆம் வகுப்புவரை ஆண்டுக்குக் குறைந்தது 220 நாள், 1,000 மணி நேரக் கற்பித்தல் வேண்டும் என்றுதான் சொல்கிறது. அதற்குமேல் பள்ளி எடுத்துக்கொள்கிற ஒவ்வொரு மணி நேரத்துக்கும் கணக்குக் கேட்கிற இடம் பள்ளி மேலாண்மைக் குழு. அதில் பெரும்பான்மை பெற்றோர்தான், பாதிப் பேர் பெண்கள். கூட்டத்தில் கழிப்பறைத் தண்ணீரும் சுற்றுச்சுவரும் பேசி முடிந்ததும் கையெழுத்துப் போட்டு எழுந்துவிடுகிறோம். அடுத்த கூட்டத்தில் கால அட்டவணையை மேசையில் வைக்கச் சொல்லுங்கள். போன மாதம் எத்தனை பி.டி. பீரியட் உண்மையில் நடந்தது, சிறப்பு வகுப்பு காலையில் எத்தனை மணிக்குத் தொடங்குகிறது, அந்த நேரத்துக்கு வர முடியாத பிள்ளைகள் யார், ஏன் என்று கேட்டு, பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுத வையுங்கள். கூட்டத்தை மட்டும் காலையில் வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அந்த நேரத்தில் பாதித் தாய்மார்கள் தோட்டத்தில் இருப்பார்கள்.